வேலியோரத்து இரண்டு கிழங்குகள்

மாசி மாதம். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா மஞ்சள் பையோடு என் சித்த வைத்தியசாலைக்கு வந்தார். "டாக்டரம்மா, மகளுக்குப் புள்ள பொறந்து பதினெட்டு நாளாச்சு. பால் பத்தல. வேலியில தண்ணீர்விட்டான் கெழங்கு கெடந்துச்சு. பால்ல போட்டுக் காய்ச்சிக் குடுக்கலாமா?"

பையிலிருந்தது கலப்பை போல வளைந்து, இரு முனையும் கூர்ந்த வழவழப்பான ஒற்றைக் கிழங்கு. செங்காந்தள்.

நம் மாநில மலரேதான். விதைக்காக இந்தப் பக்கம் பயிரிடுவார்கள். கொடி காய்ந்தபின் மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். அடையாளம் சொல்ல இலையோ பூவோ இருக்காது. கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்சிசின் என்னும் நஞ்சு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. பிறகு சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று பாதித்து உயிரையே எடுக்கும். காய்ச்சினால் முறிந்துவிடும் என்று நம்பாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், மிச்சக் கிழங்கோடு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தண்ணீர்விட்டான் அப்படியல்ல. ஊசி ஊசியாய் இலை, தண்டில் வளைந்த முள், மணக்கும் சிறு வெள்ளைப் பூ. தோண்டினால் விரல் விரலாய்க் கொத்துக் கொத்தாக வரும். ஒடித்தால் உள்ளே வெள்ளைச் சதை, நடுவில் ஒரு நார். தோலை உரித்து அந்த நாரை உருவிவிட்டுத்தான் சமைக்க வேண்டும்.

வளர்ப்பது சுலபம், அழகுக்கும் அழகு. ஆனால் நம் டெல்டாக் களிமண்ணில் அடைமழைத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மணலும் மக்கிய சாணியும் கலந்து மேடு கட்டுங்கள், அல்லது பெரிய தொட்டி. விதை முளைக்க நாளாகும். குருத்தோடு பிரித்த கொத்தை நடுவதே மேல். கிழங்கு எடுக்க ஒன்றரை, இரண்டு வருடம் பொறுங்கள். செங்காந்தள் இருக்கும் வேலியில் மட்டும் இதை ஏற்றவே வேண்டாம்.

கர்ப்பிணிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீர்விட்டான் கிழங்கைத் தொடக்கூடாது. பால் சுரக்க இதைக் கொடுப்பது நம் வைத்திய மரபு, நானும் கொடுக்கிறேன். ஆனாலும் குழந்தை அடிக்கடி, சரியாகப் பற்றிச் சப்புவதுதான் முதல் மருந்து.

அந்த அம்மா கொண்டுவந்த செங்காந்தள் கிழங்கை நான் திருப்பித் தரவில்லை. மறுநாள் மகளையும் பேரனையும் வரச்சொல்லி, பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதைக் கண்டு சரிசெய்தோம். கிளம்பும்போது அம்மாவுக்கு என் தொட்டியிலிருந்து ஒரு கன்று கொடுத்தேன், முள் குத்தாமல் வாழைச்சருகில் சுற்றி.