பிராங்கோஸ்கோப்பி: எதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

இருமினால் ரத்தம் வருகிறது. நுரையீரலில் எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க பிராங்கோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்யச் சொல்கிறார்கள். அதற்கு முன் நீட்டும் ஒப்புதல் படிவத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தந்த தீர்ப்பின்படி, நோயைக் கண்டறியும் பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலைக்கு மட்டும் விலக்கு உண்டு.

நுரையீரல் ரத்தக்கசிவில் இந்த வேறுபாடு சிக்கலாகிவிடும். உறைந்த ரத்தத்தை உப்புநீரால் கழுவி உறிஞ்சியதும், எந்தக் கிளைக்குழாயின் வாயில் புது ரத்தம் ஊறுகிறது என்பது திரையில் தெரியும். அதே கருவி வழியாகவே குளிர்ந்த உப்புநீரோ ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கரைசலோ விடலாம், பலூனை ஊதி அந்தக் கிளையை அடைக்கலாம், பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) துணுக்கும் கிள்ளலாம். கிள்ளிய இடமே ரத்தம் கசிவதும் உண்டு. அதனால் பார்ப்பது, பயாப்ஸி, கசிவை நிறுத்துவது மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிய கூட்டு ஒப்புதலைக் கேளுங்கள். தீர்ப்பு அதற்கு இடம் தருகிறது.

ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் மறுத்தால் வரும் விளைவையும் மருத்துவர் விளக்க வேண்டும். இங்கே மாற்று என்றால் முதலில் சி.டி. ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன். கசிவு நின்று சில நாளாகியிருந்தால் பிராங்கோஸ்கோப்பியில் இடம் பிடிபடும் வாய்ப்பு குறைவு. 'இப்போது செய்தால் தெரியுமா?' என்று கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. மயக்க ஊசி போட்ட பிறகு நீட்டும் படிவத்தில் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நிற்கும் உறவினரிடம் வாங்குவதும் அப்படியே: மேலே சொன்ன 2008 தீர்ப்பின் வழக்கில், மயக்கத்தில் இருந்த நோயாளிக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கவில்லை. விவரம் புரிந்து முடிவெடுக்கக்கூடிய பெரியவர் என்றால், கையெழுத்து அவருடையதாகவே இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே பெற்றோர் போடலாம்.

பரிசோதனை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். 'ரத்தம் காணப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 'வலது மேல் மடல், முன் கிளை' என்பதுபோல இடம் குறித்திருக்க வேண்டும். நாளை தமனியை அடைக்கும் எம்போலைசேஷனோ அறுவையோ தேவைப்பட்டால், அந்த மருத்துவர் முதலில் தேடும் வரி அதுதான்.