டாரிஃப்: சுங்கமா, தீர்வையா, வெறும் வரியா?

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குமீது அமெரிக்கா டாரிஃப், அதாவது இறக்குமதி வரி, போட்டபோது எங்கு பார்த்தாலும் ஒரே தலைப்பு: ‘இந்தியாவுக்கு 50 சதவீத வரி.’ 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் என்று இரண்டு தவணையாக வந்தது அது. தலைப்பை மட்டும் படித்தவருக்கு என்ன தோன்றும்? இந்தியா அமெரிக்காவுக்குப் பணம் கட்டப்போகிறது என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. அன்றைய வீதத்திலேயே பார்ப்போம்: 100 டாலர் மதிப்புள்ள சட்டைப் பெட்டி ஒன்று அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்குகிறது. அதை வரவழைத்த அமெரிக்க நிறுவனம் 50 டாலரைத் தன் நாட்டுச் சுங்கத்துறையிடம் கட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறது. இந்திய ஏற்றுமதியாளருக்கு அடி உண்டு. ஆர்டர் குறையும், விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவார்கள். ஆனால் கருவூலத்துக்குப் பணம் கட்டுகிற கை அமெரிக்கக் கை.

‘வரி’ என்ற பொதுச்சொல்லை எடுத்து, அதை ஒரு நாட்டின் பெயரோடு ஒட்டியதால் வந்த குழப்பம் இது. டாரிஃப் என்பதற்குச் சரியான தமிழைத் தேடுவது வெறும் சொல்லாசை இல்லை. யார் கட்டுகிறார், எதன்மீது கட்டுகிறார் என்று தெரியாமல், டாரிஃப் வருவாயால் ஒரு நாட்டின் பட்ஜெட் பற்றாக்குறை தீருமா என்ற கேள்வியைக் கேட்கவே முடியாது.

டாரிஃப் பிறந்தது அரபு மொழியில். ‘தஃரீஃப்’ என்றால் அறிவித்தல், வரையறுத்துச் சொல்லுதல். அறிதல் என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது. (இந்தியில் பாராட்டைக் குறிக்கும் ‘தாரீஃப்’ இதே சொல்தான்.) மத்தியதரைக் கடல் வணிகத்தில் இது இத்தாலியர் வாய்க்குப் போய் ‘தாரிஃபா’ ஆனது. பிறகு பிரெஞ்சு, அப்புறம் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம். ஸ்பெயினின் தென்முனையில் தாரிஃபா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கப்பல்களிடம் வரி பிடுங்கியதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அகராதிக்காரர்கள் அதை ஏற்பதில்லை.

ஆக, சொல்லின் முதற்பொருள் வரி அல்ல, பட்டியல். எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று எழுதி எல்லோருக்கும் அறிவித்த பட்டியல். அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. விடுதி வரவேற்பறையில் தொங்கும் அறை வாடகைப் பலகையும் டாரிஃப், மின்வாரியத்தின் யூனிட் விலை அட்டவணையும் டாரிஃப். இந்த இடங்களில் ‘கட்டணம்’, ‘கட்டண விகிதம்’ என்றால் போதும். யாருக்கும் குழப்பம் வராது. சிக்கல் எல்லைக்கோட்டில் வாங்கும் டாரிஃபில்தான்.

அதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மிகப் பழையது ‘உல்கு’. திருக்குறள் 756-இல் வேந்தனுக்குரிய பொருள்களில் ஒன்றாக ‘உல்கு பொருள்’ வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகக் காட்சி இன்னும் கிட்டத்தில் தெரிகிறது: கடலிலிருந்து இறங்கும் மூட்டை, கடலுக்குப் போகும் மூட்டை, எல்லாவற்றிலும் புலிச்சின்னம் குத்தி வெளியே விடுகிறார்கள். நாள்தோறும் ஓயாமல் உல்கு வாங்கும் அந்த அதிகாரிகளைக் கதிரவன் தேரில் பூட்டிய குதிரைகளோடு புலவர் ஒப்பிடுகிறார். இன்றைய சுங்க முத்திரைக்கும் அந்தப் புலிக்கும் வேலை ஒன்றுதான்.

‘சுங்கம்’ அடுத்தது. வடமொழி ‘சுல்கம்’, பாலியில் ‘சுங்க’ என்று மருவிய சொல்லின் உறவு. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டமே உண்டு என்றால், சொல் எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்று பாருங்கள். இன்று அதற்கு ஒரு சங்கடம்: நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி வந்தபிறகு, ‘சுங்கம்’ என்றால் பலருக்குக் காரை நிறுத்திக் கட்டும் காசுதான் நினைவுக்கு வருகிறது.

எனக்குப் பிடித்தது ‘தீர்வை’. ‘தீர்’ என்ற வினையிலிருந்து வந்தது. தீர்ப்பு, தீர்மானம் என்பவற்றின் உடன்பிறப்பு. இவ்வளவு என்று தீர்த்துச் சொன்ன தொகை. பட்டாவை எடுத்துப் பாருங்கள், நிலத்தின் பரப்புக்குப் பக்கத்திலேயே ‘தீர்வை’ என்று ரூபாய் பைசாவில் இருக்கும். இலங்கைத் தமிழர் ‘சுங்கத் தீர்வை’ என்று அன்றாடம் எழுதுகிறார்கள். வரையறுத்து அறிவித்தது என்ற அரபுப் பொருளுக்கு இவ்வளவு நெருங்கிய சொல் நம்மிடம் வேறில்லை. எனவே எல்லையில் வாங்கும் தொகைக்கு ‘இறக்குமதித் தீர்வை’, அந்த அட்டவணைக்குத் ‘தீர்வைப் பட்டியல்’ என்று எழுதலாம்.

‘காப்புவரி’ என்ற சொல்லும் புழங்குகிறது. அதை எல்லா டாரிஃபுக்கும் போடக்கூடாது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கப் போடுவது மட்டும்தான் காப்புவரி. கருவூலத்தை நிரப்பப் போடும் தீர்வை வேறு. இரண்டும் ஒரே கதவில் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பவை. காப்பு முழு வெற்றி பெற்றால் வெளிநாட்டுச் சரக்கு வரவே வராது. சரக்கு வராவிட்டால் தீர்வை ஏது? கஜானா நிரம்ப வேண்டுமென்றால் சரக்கு தொடர்ந்து வந்தாக வேண்டும், அப்போது காப்பு இல்லை. ஒரே தீர்வை ஆலைகளையும் மீட்கும், பற்றாக்குறையையும் அடைக்கும் என்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டாமல் போக முடியாது.

பற்றாக்குறையிலும் ஒரு தெளிவு வேண்டும். இறக்குமதி ஏற்றுமதியை மிஞ்சினால் வர்த்தகப் பற்றாக்குறை. அரசின் செலவு வரவை மிஞ்சினால் பட்ஜெட் பற்றாக்குறை, அதாவது நிதிப் பற்றாக்குறை. மேடைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே உருளும். இங்கே நம் கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

சரி, கணக்குக்கு வருவோம். செப்டம்பரில் முடிந்த 2025 நிதியாண்டில் அமெரிக்க அரசின் பற்றாக்குறை சுமார் 1.78 லட்சம் கோடி டாலர். அதே ஆண்டு சுங்கத் தீர்வையாக வந்தது சுமார் 19,500 கோடி டாலர். முந்தைய ஆண்டு இது 7,700 கோடிதான், அதனால் ஏற்றம் பெரியது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு செலவழித்த ஒவ்வொரு நூறு டாலரிலும் தீர்வையின் பங்கு மூன்று டாலருக்கும் குறைவு. 2025-இன் கடைசி மாதங்களில் வந்தது போல மாதம் 3,000 கோடி என்று ஆண்டு முழுக்க வந்தாலும், பற்றாக்குறையில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும்.

வீதத்தை இன்னும் ஏற்றினால்? 2024-இல் அமெரிக்கா இறக்கிய சரக்கு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். ஒரு பெட்டிகூடக் குறையாமல் வந்தாலே, பற்றாக்குறையை அடைக்க ஏற்கெனவே உள்ளதற்கு மேல் எல்லாவற்றுக்கும் சராசரி 54 சதவீதத் தீர்வை வேண்டும். அந்த வீதத்தில் யார் அதே அளவு வாங்குவார்கள்? போதாக்குறைக்கு, தீர்வை கட்டிய நிறுவனத்தின் லாபம் சுருங்குகிறது, அதனால் அது கட்டும் வருமான வரியும் சுருங்குகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதிக் கணிப்பாளர்கள் இதற்காகவே மொத்தத் தீர்வையில் ஏறக்குறைய கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் நிகர வரவைச் சொல்கிறார்கள். வலது கையில் வாங்கியதில் கொஞ்சம் இடது கையில் போகிறது.

ஒரு காலத்தில் தீர்வை அந்த நாட்டையே நடத்தியது, அதுவும் உண்மை. 1789 ஜூலை 4-இல் முதல் அதிபர் வாஷிங்டன் கையெழுத்திட்ட தீர்வைச் சட்டம், புதிய அரசின் தொடக்கச் சட்டங்களில் ஒன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) வரை வரவின் பெரும்பகுதி துறைமுகங்களிலிருந்தே வந்தது. 1835-இல் நிலம் விற்ற பணமும் சேர்ந்து நாட்டின் கடன் முழுதாக அடைபட்டது. 1887-இல் தீர்வைப் பணம் அளவுக்கு மீறிக் குவிகிறதே என்று அதிபர் கிளீவ்லண்ட் தன் ஆண்டுச் செய்தி முழுவதையும் தீர்வைக் குறைப்புக்கே ஒதுக்கினார். அன்று கூட்டாட்சி அரசு சிறியது. செலவு நாட்டின் உற்பத்தியில் மூன்று சதவீதத்தைக்கூட எட்டாத ஆண்டுகள் ஏராளம். இன்று அது 23 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. முதியோர் ஓய்வூதியம், மருத்துவம், ராணுவம், கடனுக்கு வட்டி என்று எதுவும் இப்போது அன்றைய அளவில் இல்லை. 1913-இல் வருமான வரிக்கு அரசியலமைப்புத் திருத்தம் வந்தது, அதன் பிறகு தீர்வை பின்னுக்குப் போனது.

இன்னொரு பலவீனம், தீர்வை நிலையான வரவு அல்ல. 1930-இல் ஸ்மூட்–ஹாலி என்ற அமெரிக்கத் தீர்வைச் சட்டம் வீதங்களை ஏற்றியது. 1929-இல் சுமார் 440 கோடி டாலராக இருந்த இறக்குமதி 1932-இல் சுமார் 130 கோடிக்கு விழுந்தது. அந்த ஆண்டுகளின் உலகப் பொருளாதாரப் பெருமந்தம்தான் முதன்மைக் காரணம், பிற நாடுகளின் பதிலடியும் சேர்ந்தது. அரசுக்குப் பணம் மிக அவசரமாக வேண்டிய அந்த ஆண்டுகளில்தான் துறைமுகத்துக்கு வரும் பெட்டிகளும் குறைந்தன. 2025-இல் போட்ட தீர்வைகளுக்கோ வேறொரு நிச்சயமின்மை இருந்தது: நெருக்கடிகால அதிகாரத்தை வைத்து அதிபர் இப்படித் தீர்வை போடலாமா என்ற வழக்கு அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வாதத்துக்கு வந்தது.

‘இந்தியாவுக்கு 50 சதவீத வரி’ என்ற அந்த 2025 தலைப்பை இப்போது மாற்றி எழுதிப் பார்க்கலாம்: ‘இந்தியச் சரக்குக்கு அமெரிக்க இறக்குமதியாளர் கட்டும் தீர்வை 50 சதவீதம்.’ கொஞ்சம் நீளம்தான், ஆனால் பணம் யார் பையிலிருந்து போகிறது என்று அதில் இருக்கிறது.