சுவரைத் தாண்டாத வைஃபை

வைஃபைக்கு அடித்தளமான, ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 802.11 தரநிலை 1997-இல் வெளிவந்தபோது, தரவை அனுப்ப அதில் மூன்று வழிகள் இருந்தன. இரண்டு ரேடியோ, மூன்றாவது அகச்சிவப்பு ஒளி. ரேடியோ உலகெங்கும் பரவியது. அகச்சிவப்பை ஏறக்குறைய யாருமே சீண்டவில்லை. இத்தனைக்கும், ஒரு விஷயத்தில் ரேடியோவைவிட அதுதான் நம்பகமானது.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் நேரே வரும் அலையோடு மோதி, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆன்டெனாவைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே சிக்னல் படுத்துவிடுவது இதனால்தான். அகச்சிவப்பின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒளியை வாங்கும் ஃபோட்டோடையோடு சில மில்லிமீட்டர் அகலம் இருந்தாலே, ஆயிரக்கணக்கான அலைநீளங்கள் அதற்குள் அடங்கிவிடும். ஏற்ற இறக்கம் எல்லாம் சராசரியாகி, இந்தத் தொல்லையே இல்லாமல் போகிறது.

சரி, அப்புறம் ஏன் தோற்றது?

சிக்கல் ஃபோட்டோடையோடிலேயே இருக்கிறது. அது தரும் மின்னோட்டம் விழும் ஒளியின் அளவைப் பொறுத்தது. மின்திறனோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒளி பாதியானால் சிக்னலின் மின்திறன் கால்வாசியாகிவிடும். நேர்ப்பார்வையில் தூரத்தை இரட்டித்தால் ஒளி கால்வாசி, மின்திறன் பதினாறில் ஒரு பங்கு. சிக்னலோடு கலக்கும் வேண்டாத மின் சலனமான இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். வெயிலும் குண்டு பல்பும் அகச்சிவப்பை அள்ளிக் கொட்டுவதால், ஜன்னலோர மேசையில் இணைப்பு திணறும். எலெக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட் இன்னும் மோசம்: நொடிக்குப் பல்லாயிரம் முறை மினுக்கி, அதையே சிக்னல் போலக் காட்டும். ஒளியைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்றால், கண்ணின் பாதுகாப்பு அதற்கு வரம்பு போடுகிறது.

1997 தரநிலை இதற்குச் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 1 மெகாபிட் வேகத்தில், நான்கு பிட்டுகளுக்கு ஒரே ஒரு ஒளித்துடிப்பு. தலா 250 நானோநொடி (நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) கொண்ட 16 கால இடங்களில் அது எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் செய்தி. மற்ற 15 இடங்களிலும் எல்.இ.டி. அணைந்தே இருக்கும். சராசரி ஒளி குறைவு, துடிப்பு மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒன்றையொன்று பார்க்கவேண்டியதில்லை. கூரையில் பட்டுச் சிதறும் ஒளியே போதும். குறுக்கே ஆள் நடந்தாலும் இணைப்பு அறாது. ஆனால் பல வழிகளில் வரும் ஒளி ஒரே நேரத்தில் வந்து சேராது. ஒளி ஒரு நானோநொடியில் 30 செ.மீ. போகும், பாதை 9 மீட்டர் கூடினால் 30 நானோநொடி தாமதம். 250 நானோநொடித் துடிப்புக்கு இது பெரிதில்லை. 100 மெகாபிட் வேகத்திலோ ஒரு பிட்டுக்கே 10 நானோநொடிதான் என்பதால், ஒன்றின் வால் அடுத்த மூன்றின் மேல் படியும். வேகம் வேண்டுமென்றால் ஒளிக்கற்றையைக் குறுக்கி நேராகக் காட்டவேண்டும். அப்போது ஒரு கை குறுக்கே வந்தாலும் போச்சு.

சுவரைத் தாண்டாத குணத்தைக் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக்கேட்க முடியாது; ஒவ்வொரு அறையும் முழு அலைவரிசையையும் தனக்கே வைத்துக்கொள்ளலாம். 2023-இல் வந்த 802.11பிபி தரநிலை அகச்சிவப்பை மீண்டும் வைஃபை குடும்பத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது, இந்த முறை 9.6 கிகாபிட் வரை. ஆனாலும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டதும் ஒளி நின்றுவிடும், எனவே பக்கத்திலேயே ரேடியோவும் இருந்தாகவேண்டும்.