எத்தனை தையல்னு கேக்காதீங்க, எதுவரைக்கும் கிழிஞ்சுச்சுன்னு கேளுங்க

குறுவை நடவு சமயம், ஒரு பொண்ணு வந்துச்சு, மன்னார்குடி பக்கம் (அடையாளம் தெரியாம இருக்க கொஞ்சம் மாத்திதான் எழுதுறேன்), குழந்தைக்கு எட்டு மாசம். பஸ் போற ரூட்டுதான், ஆனா ஆட்டோ வச்சுகிட்டு வந்திருக்கு. கூட வந்த மாமியாரை வெளிய உக்காரச் சொன்ன பிறகுதான் வாயே திறந்துச்சு. "டாக்டரம்மா, காத்து அடக்க முடியல, சில நாள் வெளிக்கி வர்றதே தெரிய மாட்டேங்குது, நாலு பேரு மத்தியில உக்காரவே பயமா இருக்கு." நடவுக்குப் போகல, தங்கச்சி வளைகாப்புக்கும் போகல, புருஷன்கிட்ட கூட சொல்லல. பிரசவத்தப்ப என்னம்மா சொன்னாங்கன்னு கேட்டா "ஏழு தையல்னு சொன்னாங்க". டிஸ்சார்ஜ் சீட்டுல சுகப்பிரசவம்னு ஒரே வார்த்தை.

ஏழோ பத்தோ, அந்த எண்ணிக்கையை வச்சு எனக்கு ஒண்ணும் தெரியாது. குழந்தை வெளிய வரும்போது கீழ கிழிஞ்சுச்சே, அதோட ஆழம்தான் தெரியணும். முதல் டிகிரின்னா தோல் மட்டும் லேசா கிழிஞ்சிருக்கும். ரெண்டாவதுல கீழ உள்ள தசையும் சேந்து போகும், நாங்க கத்திரியால வெட்டுற எபிசியாட்டமியும் இந்த ஆழம்தான், இதெல்லாம் ஒழுங்கா தைச்சா பெரும்பாலும் ஆறிடும். மூணாவதுதான் பிரச்சனை. மலவாயைச் சுத்தி ஒரு சுருக்குத் தசை இருக்கு, அப்பாயி இடுப்புல சொருகி வச்சிருக்குமே சுருக்குப் பை, அதோட கயிறு மாதிரி, கயிறு அறுந்தா பை மூடாது. நாலாவதுன்னா மலக்குடலோட உள்தோல் வரைக்கும் போயிடும்.

இந்த மூணாவது, நாலாவது கிழிசல் யாருக்கு ஆகும்? முதல்ல தலைப்பிரசவம். பிரிட்டன்ல மகப்பேறு டாக்டர்களோட ராயல் காலேஜ் 2015ல போட்ட வழிகாட்டுதல்ல தலைப்பிரசவத்துல 100க்கு 6 பேர் அளவுக்கும், ஏற்கனவே பிரசவம் ஆனவங்கள்ல 100க்கு 2 பேருக்கும் கம்மியாவும் வருதுன்னு போட்டிருக்கு, அதே வழிகாட்டுதல் ஆசியப் பெண்களுக்கு ரிஸ்க் கூடன்னும் சொல்லுது, அதாவது நம்ம பொண்ணுங்க. அப்புறம் குழந்தை மேல பாத்த மாதிரி திரும்பி இறங்குறது, தோள்பட்டை மாட்டிக்கறது, முக்குற நேரம் ரொம்ப இழுத்துகிட்டே போறது.

குழந்தையோட எடையும் சேரும். 4 கிலோன்னா நம்ம ஊர்ல லட்டு குடுப்பாங்க, எனக்கு வயித்தைக் கலக்கும். அம்மாவுக்கு சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா குழந்தை பெருக்கும், அதுக்குத்தான் 75 கிராம் குளுக்கோஸ் கலந்து குடிக்கச் சொல்லி 2 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கறது, சுகர் 140 தொட்டாலே கர்ப்பகால சர்க்கரைதான். "தண்ணி குடிச்சா குமட்டுது"ன்னு அந்த டெஸ்ட்டை விட்டுட்டு, வளைகாப்பு முடிஞ்சு பத்து நாளைக்கு வந்த ஸ்வீட்டெல்லாம் தீத்துட்டு வர்றவங்களை நான் திட்டாம விட்டதில்ல.

ஆனா ரொம்பப் பெரிய ரிஸ்க் ஆயுதம் போட்டு எடுக்கறது. தலைல கப் வச்சு இழுக்கற வேக்கூமை விட, இடுக்கி மாதிரி புடிச்சு எடுக்கற ஃபோர்செப்ஸ்ல கூடுதல். அதுக்காக வேணாம்னு சொல்ல மாட்டேன், குழந்தையோட துடிப்பு இறங்கும்போது அதுதான் உயிரைக் காப்பாத்தும், நானும் போடுறேன். போடும்போது எபிசியாட்டமி சரியான கோணத்துல வேணும், நேரா கீழ வெட்டினா அது மலவாய்க்கே வழி போட்டுக் குடுத்த மாதிரி, தலை தெரிஞ்சு தோல் விரிஞ்சு நிக்கும்போது 60 டிகிரி சாய்ச்சு வெட்டணும். எல்லாருக்கும் வழக்கமா வெட்டுறது வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே 2018ல சொல்லிடுச்சு, மேல வயித்தைப் புடிச்சு அமுக்குறதும் கூடாதுன்னு அதுலயே இருக்கு.

ஒரு விஷயம் ஒத்துக்கணும். வேலைக்கு சேந்த புதுசுல தலை வெளிய வர்ற நேரம் நானும் "முக்கு, முக்கு, நல்லா முக்கு"ன்னு சத்தம் போட்டவதான், லேபர் ரூமே திருவிழா மாதிரி இருக்கும். அந்த நிமிஷத்துல வேண்டியது அதுக்கு நேர் எதிர். முக்காத, வாயால ஊதுன்னு சொல்லி, ஒரு கை தலையை மெதுவா விட, இன்னொரு கை கீழ தாங்கிப் புடிக்கணும். அதுக்கு முன்னாடி முக்குற நேரத்துல வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச சுத்தமான துணியை அங்க ஒத்தி வச்சா பெரிய கிழிசல் குறையுதுன்னு ஆய்வுகள்ல வந்திருக்கு, செலவே இல்லாத வேலை.

இவ்வளவு பாத்தும் கிழியலாம், அது யாரோட தப்பும் இல்லாமலே நடக்கும். கண்டுபிடிக்காம விடுறதுதான் தப்பு. தையல் போடுறதுக்கு முன்னாடி மலவாய்ல விரல் விட்டு அந்தத் தசை முழுசா இருக்கான்னு பாக்கணும், அறுந்திருந்தா ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய் மரத்துப் போக ஊசி போட்டு நல்ல வெளிச்சத்துல தைக்கணும். அப்படி தைச்சவங்கள்ல 60லிருந்து 80 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துல ஒரு தொந்தரவும் இருக்காது. இந்தப் பொண்ணுக்கு வெளித்தோல் அழகா ஒட்டியிருந்துச்சு, உள்ள கயிறு அறுந்தே கிடந்துச்சு. பெரிய ஊருக்கு அனுப்பி ஸ்கேன் பாத்து, ஆபரேஷன் பண்ணி, இப்ப பரவாயில்ல, முழுசா சரின்னு சொல்ல முடியாது.

தைச்ச பிறகு வீட்டுல ஒரு சண்டை இருக்கு. பச்ச உடம்புக்காரின்னு சொல்லி தண்ணியைக் குறைச்சு, காய் பழம் நிறுத்தி, பூண்டும் கருவாடுமா பத்தியம் போடுவாங்க. பூண்டு போடுங்க, கருவாடும் போடுங்க, ஆனா தண்ணி தாராளமா குடுங்க, கீரை குடுங்க, மலம் இறுகினா அந்தத் தையல்தான் அடி வாங்கும். மலம் இளக நாங்க எழுதித் தர்ற சிரப்பை "பேதி ஆயிடும்"னு தூக்கிப் போடாதீங்க. ஒரு அப்பாயி என்கிட்ட "நான் ஆறு பெத்தேன், எனக்கு எவ சிரப் குடுத்தா"ன்னு சண்டைக்கே வந்துச்சு. எவ்வளவு வருஷமா பஸ் ஏறலன்னு கேக்கலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல.

அடுத்த குழந்தைக்கு மாசமா இருந்தா முதல் செக்கப்லயே பழைய கிழிசலைச் சொல்லிடுங்க, மறுபடி வர வாய்ப்பு 100ல 5லிருந்து 7 பேருக்கு, தொந்தரவு இன்னும் இருக்குன்னா சிசேரியன் பத்தியும் பேசி முடிவு பண்ணலாம்.

டோக்கன் போடுற இடத்துல ஆம்பளப் பையன் உக்காந்துகிட்டு "என்ன பிரச்சனை"ன்னு சத்தமா கேப்பான், தெரியும். "பழைய தையல் காட்டணும்"னு மட்டும் சொல்லுங்க, மத்ததை உள்ள வந்து பேசிக்கலாம்.