கிராம்னிக் காணாத செக்மேட்

2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், உலக சதுரங்க சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் ‘டீப் ஃபிரிட்ஸ்’ என்னும் கணினி நிரலை எதிர்த்து ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் நன்றாகவே ஆடிவந்த அவர், 34ஆவது நகர்த்தலில் ராணிகளை வெட்டிக்கொள்ள எண்ணித் தம் ராணியை வெள்ளை ராணியின் எதிரே கொண்டுபோய் வைத்தார். வெள்ளை ராணியோ குறுக்காகப் பாய்ந்து, குதிரையின் துணையுடன் அவருடைய ராஜாவை அடுத்த நகர்த்தலிலேயே செக்மேட் செய்துவிட்டது. புதிதாக ஆடப் பழகுபவர்கூடக் காணக்கூடிய முடிவு அது.

இதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கிராண்ட்மாஸ்டர்கள் பலகையைப் பார்த்ததும் நினைவில் பதிந்த காய் அமைப்புகளைக் கொண்டு இரண்டு மூன்று நகர்த்தல்களை மட்டும் தேர்ந்து, மற்றவற்றை எண்ணிப் பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களது வலிமையே இந்த ஒதுக்கலில்தான் இருக்கிறது. கடைசி வரிசைவரை ஊடுருவிய குதிரை அங்கிருந்து ராணிக்குக் காவல் நிற்பது அரிய அமைப்பு என்பதால், ஒதுக்கப்பட்டவற்றுள் அதுவும் சேர்ந்துபோயிருக்கலாம்.

கணினிக்கு அரிய அமைப்பு, பழகிய அமைப்பு என்ற பேதம் கிடையாது. சராசரியாக ஒரு நிலையில் 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று கொண்டால், இருவரும் இரண்டு முறை ஆடுவதற்குள் வழிகள் 15 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் ஒரு நகர்த்தலை, முன்பே ஆராய்ந்த வேறொன்றைவிட மோசமாக்கும் பதில் ஒன்று எதிராளியிடம் இருப்பது தெரிந்துவிட்டால், அவருடைய மற்றப் பதில்களை ஆராயத் தேவையில்லை. ‘ஆல்ஃபா-பீட்டா’ என்னும் இந்த வெட்டும் முறையால், நல்ல நகர்த்தல்களை முதலில் ஆராய நேர்ந்தால், அந்த 15 லட்சம் ஏறத்தாழ 2,450 ஆகச் சுருங்கும். இங்கும் ஒதுக்கல் நடக்கிறது. ஆனால் அது ஊகத்தால் அல்ல, கணக்கால் நடக்கிறது.

1997இல் நியூயார்க்கில் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்று வென்ற ‘டீப் புளூ’ கணினி நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. வேகம் மட்டுமே போதாது என்பதை 2017இல் ‘ஆல்ஃபாஜீரோ’ என்னும் நிரல் காட்டியது. தன்னோடு தானே ஆடிக் கற்ற அது, நொடிக்கு 80,000 நிலைகளை மட்டும் பார்த்து, 7 கோடி நிலைகளைப் பார்த்த ‘ஸ்டாக்ஃபிஷ்’ நிரலை 100 ஆட்டங்களில் 28 முறை வென்றது. மற்ற 72 ஆட்டங்கள் டிராவாயின. (போட்டி விதிகள் ஸ்டாக்ஃபிஷுக்குச் சாதகமாக இல்லை என்ற குறை அப்போதே எழுந்தது, அதில் நியாயமும் உண்டு.) 2020இல் ஸ்டாக்ஃபிஷும் தன் பழைய தேடலை வைத்துக்கொண்டே, நிலைகளை மதிப்பிட, தரவுகளிலிருந்து கற்கும் நரம்பணுப் பிணையம் (neural network) ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.