குளிருக்கு ஜன்னலைச் சாத்திட்டு பொம்மை தேய்க்கிறவங்களுக்கு

போன மாசம் ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல ரெண்டு போட்டோ அனுப்பினார். மொதப் போட்டோல அவர் செஞ்ச கண்டிப் பொம்மைப் படை, 28 மில்லிமீட்டர் உருவம் பன்னெண்டு, இடுப்புல வெள்ளைத் துணி, வெறும் மேல், கையில துவக்கு, பின்னால ரெண்டு பேர் கொடித்துவக்கை, அதான் கண்டிக்காரங்களோட சின்னப் பீரங்கியை, தூக்கிட்டு வாறாங்க, அவ்வளவு அழகு. ரெண்டாவது போட்டோல அவரோட விரல். நகத்தைச் சுத்தித் தோல் வெடிச்சு, செவந்து, பொடிப் பொடியா கொப்புளம். "அண்ணே, பெயிண்ட் ஒத்துக்கலயா"ன்னு கேட்டார். பெயிண்ட் இல்ல தம்பி. நான் கண்டியில ஒரு டென்டல் லேப்ல பதினாறு வருஷமா பல்செட் கட்டுறவன், இந்த மாதிரி விரலை எங்க தொழில்லயே பாத்திருக்கேன், என்கூட வேலை செஞ்ச ஒருத்தர் இதாலயே தொழிலை விட்டுட்டுப் போனார். அதனாலதான் இதை எழுத உக்காந்தேன்.

யோசிச்சுப் பாத்தா நாங்க பகல்ல செய்றதும் நீங்க ராத்திரி மேசையில செய்றதும் ஒரே வேலைதான். அக்ரிலிக்கை அரைக்கிறோம், மெட்டலை வெட்டுறோம், ரெசினை இறுக வைக்கிறோம். எங்க மேசையில தூசியை இழுக்குற மெஷின் பூட்டியிருக்கு, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், அதெல்லாம் போட்டே ஆகணும். நம்ம பக்கத்து வீடுகள்ல பொழுது சாஞ்சா பனி எறங்கிரும், குளிருக்கு ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டு ஒரு பல்ப் வெளிச்சத்துல உக்காந்து தேய்க்கிறோம், லயத்துக் காம்பரான்னா அதே காம்பராவுலதான் புள்ளையும் தூங்குது. இதுதான் என்னோட முதல் கவலை.

அந்தத் தம்பி கட்டுறது 1803 சண்டை. பெப்ரவரியில வெள்ளைக்காரப் படை கண்டிக்குள்ள வந்து உக்காந்து, காய்ச்சல்ல ஆள் ஆளா விழுந்து, ஜூன் 24ல அந்தப் படைக்குத் தலைவனா இருந்த மேஜர் டேவி சரணடைஞ்சு, வெளிய போற வழியில மகாவலியைக் கடக்க ஏலாம வட்டப்புளுவவுல நின்ன கதை. வெள்ளைக்காரப் பக்கத்துக்கு நெப்போலியன் காலத்துப் பிளாஸ்டிக் உருவம் ஈசியா கிடைக்குது, 19ஆவது ரெஜிமென்ட்டுன்னா செவப்புக் கோட்டுல காலரும் கைமடிப்பும் பச்சையா அடிச்சா சரி. கண்டிப் பக்கத்துக்கு அப்படி ரெடியா கைக்குக் கிடைக்கல. அதனால வேற நாட்டு வீரனை எடுத்து, குறுக்கு பெல்ட், பட்டன், கோட்டு வால் எல்லாத்தையும் பிளேடால சீவி, நெஞ்சை மழமழன்னு தேய்ச்சு எடுத்து, அதுக்கு மேல கிரீன் ஸ்டஃப்னு சொல்ற பிசையுற களியில துணி மடிப்பு செய்யணும். ஒரு ஆளுக்கு அரை மணித்தியாலம் தேய்ப்பு மட்டும். பன்னெண்டு ஆளுன்னா ஆறு மணித்தியாலம். கன்வெர்ஷன்னு சொல்றதுல பாதி இந்தத் தேய்ப்புதான், அந்தத் தூளெல்லாம் எங்க போகுதுன்னு யாரும் கேக்குறதில்ல.

மேசையில வெள்ளையா விழுறது பெரிய தூள், அது பரவாயில்ல, தொடச்சா போயிரும். நம்ம தலைமுடி கிட்டத்தட்ட 70 மைக்ரோன் தடிப்பு. 5 மைக்ரோனுக்குக் கீழ உள்ள தூசி கண்ணுக்கே தெரியாது, ரொம்ப நேரம் காத்துல மிதக்கும், மூச்சோட போனா நுரையீரலோட அடி வரைக்கும் போய் உக்காந்துரும். எங்க தொழில்ல வருஷக்கணக்கா அரைச்சவங்களுக்கு நுரையீரல் தடிச்சுப் போற நோய் வாறது மருத்துவத்துல பதிவான விஷயம், நியூமோகோனியோசிஸ்னு சொல்வாங்க. வாரத்துல ரெண்டு ராத்திரி தேய்க்கிறவருக்கு அதே அளவுக்கு வரும்னு நான் சொல்லல, அப்படிச் சொன்னா பொய். ஆனா தவிர்க்குறது இவ்வளவு லேசா இருக்கும்போது ஏன் இழுத்துவிட்டுக்கணும்?

ஒரு சோசர்ல தண்ணி வைங்க. ஹார்ட்வெயார் கடையில வோட்டர் பேப்பர்னு கேட்டா தருவாங்க, 400, 600, 1000 மூணும் கொஞ்சம் வாங்கி, விரலகலத் துண்டா வெட்டி, உருவத்தையும் பேப்பரையும் நனைச்சு நனைச்சுத் தேயுங்க. தூள் பாலாட்டம் தண்ணியோட நிக்கும், காத்துக்கு ஏறாது, மேற்பரப்பும் நல்லா மழமழன்னு வரும். முடிஞ்சதும் ஈரத்துணியால தொடச்சு எடுங்க, வாயால ஊதாதீங்க, ஈர்க்குமாத்தால கூட்டாதீங்க. சின்ன மெஷின்ல அரைக்கிறதுன்னா என்95 கட்டாயம், துணி மாஸ்க் இதுக்குச் சரிவராது. ரெசின் உருவத்தைச் சூடான கத்தியால வெட்டுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க, வார்த்த ரெசின் பெரும்பாலும் பொலியூரித்தேன், அது கருகுனா வாற புகை நல்லதே இல்ல.

இப்ப அந்த விரலுக்கு வாறேன். கொடித்துவக்கும் சில தலைகளும் அவர் த்ரீடி பிரிண்டர்ல எடுத்தது. அந்தத் திரவ ரெசின்ல இருக்குறது அக்ரிலேட், நாங்க பல்செட்டுக்குப் பாவிக்கிற மெதக்ரிலேட்டோட சொந்தக்காரன். இறுகினதுக்குப் பிறகு பெருசா பிரச்சினை இல்ல, இறுகாம தோல்ல பட்டாத்தான் ஆபத்து. மொத நாள் ஒண்ணும் தெரியாது, பத்தாவது நாளும் தெரியாது, ஒரு நாள் உடம்பு அதை எதிரின்னு அடையாளம் வச்சுக்கிச்சுன்னா பிறகு துளி பட்டாலும் கொப்புளம், அந்த அலர்ஜி பொதுவா ஆயுசுக்கும் போகாது. பல்லுக்கு வெள்ளை ஃபில்லிங் வைக்கிற சாமானும் இதே குடும்பம்தான், அதனால பல் டொக்டர்கிட்டயும் சொல்லி வைக்க வேண்டி வரும். லேட்டக்ஸ் கிளவ்ஸ் இதைத் தடுக்காது, நைட்ரைல் வாங்குங்க, அதுலயும் ரெசின் பட்டா உடனே கழட்டி மாத்துங்க. கையில பட்டா ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் ஊத்திக் கழுவுறாங்க பாருங்க, அதுதான் ரொம்பத் தப்பு, அது தோல்ல இருக்குற எண்ணெயை எடுத்துட்டு ரெசினை உள்ளுக்கு அனுப்புது. சவர்க்காரமும் தண்ணியும் போதும். கிரீன் ஸ்டஃப் பிசையும்போதும் கிளவ்ஸ் போடுங்க, அதுவும் எபொக்சி, இறுகுற வரைக்கும் அதே குணம்தான்.

அவருக்கு இன்னொண்ணும் நடந்திருக்கு. பிரிண்ட் எடுத்ததை வெயில்ல வச்சுத்தான் இறுக வச்சிருக்கார், அந்தக் கிழமை முழுக்க அங்க மூட்டமும் மழையும். தொட்டா லேசா ஒட்டுதுன்னா அது இன்னும் வேகலன்னு அர்த்தம், அந்த நெலமையிலயே எடுத்துத் தேய்ச்சிருக்கார். நம்ம ஊர் வெயிலை நம்பாம ஒரு யூவி லைட் வாங்கிக்கிறது நல்லது. பிரிண்டைக் கழுவின அல்கஹோலைக் கான்ல ஊத்த வேணாம். தெளிவான போத்தல்ல, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, நெருப்பு இல்லாத இடமா பாத்து வெளிச்சத்துல வச்சா ரெசின் கட்டியா அடியில தங்கும், வடிச்சிட்டு திரும்பவும் பாவிக்கலாம். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேந்துதான் களனி கங்கை ஆகுது, நாம மேல ஊத்துறதைக் கீழ கொழும்புல சனங்க குடிக்கிறாங்க.

ஈயம். இதைச் சொல்லும்போது எனக்கே மனசு கொஞ்சம் பதறுது. சில வருஷத்துக்கு முன்ன ஒரு பழைய தோட்டத்துப் பங்களாச் சாமான் வித்தாங்க, அதுல ஒரு மரப்பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்கள் கிடைச்சது, 54 மில்லிமீட்டர், உள்ளுக்கு வெத்தா வார்த்தது. பிரிட்டன்ஸ்ங்கிற இங்கிலாந்துப் பொம்மைக் கம்பெனி 1893ல தொடங்கி 1966 வரைக்கும் ஈயத்துல வார்த்துது, தொரைமார் புள்ளைகளுக்காக இங்க கொண்டு வந்திருப்பாங்க. பெட்டியைத் திறந்தா எல்லாத்து மேலயும் மாவு தூவின மாதிரி வெள்ளையா. தூசின்னு நெனச்சு பூன்னு ஊதினேன், மூத்த மகள் பக்கத்துல நின்னுட்டு இருந்தா. அது தூசி இல்ல, ஈயம் அரிச்சு வந்த பவுடர். மரத்துல இருந்து வாற அமில ஆவியும் நம்ம மலை ஈரமும் சேந்தா ஈயம் இப்படி வெள்ளை வெள்ளையா உதிரும். ஈயத்துக்கு இவ்வளவு வரைக்கும் பயமில்லன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சின்னப் புள்ளைகளோட மூளைக்குத்தான் அது கூடுதலாக் கேடு. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. இரத்தம் செக் பண்ணிப் பாத்தோம், நல்ல வேளை பயப்பட ஒண்ணும் இல்லன்னாங்க.

அப்படிப்பட்ட பழைய உருவங்களைத் தொட்டா தோல் வழியா பெருசா ஏறாது, வாய் வழியாவும் மூச்சு வழியாவும்தான் ஏறும். கிளவ்ஸ் போட்டு ஈரத்துணியால தொடச்சு, அந்தத் துணியைத் தனியாக் கட்டி வீசிட்டு, உருவத்தை பிளாஸ்டிக் பெட்டியில வைங்க, அரம் போடாதீங்க. புதுசா வாற மெட்டல் உருவங்கள்ல நிறைய தகரக் கலவைதான், ஆனா சரித்திர உருவங்கள் வார்க்கிற சின்னச் சின்ன ஆட்கள் இன்னும் ஈயம் சேக்குறாங்க, வாங்க முந்திக் கேளுங்க. வெள்ளைக் கடதாசியில இழுத்தா பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தா ஈயம்னு நெனச்சே நடந்துக்கங்க. ஈயம் 327 பாகையிலேயே உருகிரும், சமையல் அடுப்பே போதும், அதனாலதான் சிலர் குசினியில வச்சு வார்க்கிறாங்க, தயவுசெஞ்சு வேணாம். அச்சுல ஈரம் ஒரு துளி இருந்தாலும் ஆவியாகி உருகின ஈயத்தை மொகத்துக்கு அடிக்கும், நம்ம ஊர்ல ஈரம் இல்லாத அச்சு ஏது?

பிரஷ் முனையை ஒதட்டுல வச்சுக் கூராக்குறதையும் விட்டுருங்க. 1920கள்ல அமெரிக்காவுல மணிக்கூட்டு முகத்துக்கு ரேடியம் பூசின பொம்புளைப் புள்ளைகளுக்கு இப்படித்தான் முனையைக் கூராக்கச் சொல்லிக் குடுத்தாங்க, அவங்க தாடை எலும்பே அழுகிச்சு. நம்ம பெயிண்ட்ல ரேடியம் இல்ல, ஆனா சில செவப்பு, மஞ்சள்ல கட்மியம் இருக்கு. பழைய டீசேர்ட் துண்டு ஒண்ணை ஈரமாக்கி வச்சு அதுல உருட்டினா முனை நல்லா கூரா வரும்.

பனி நேரத்துல ஸ்ப்ரே பிரைமர், அதான் பெயிண்டுக்கு முந்தி அடிக்கிற அடிப்பூச்சு, அடிச்சா சொரசொரன்னு தூள் தூளா படியுது, அதனால சிலர் விறகடுப்புக்கிட்ட காஞ்ச எடமா பாத்து அடிக்கிறாங்க. அந்த டின்ல தள்ளுற காஸ் நம்ம சமையல் காஸ் மாதிரியே எரியுறது, அடுப்புக்கிட்ட கொண்டே போகாதீங்க. மலைநாட்டுல இருக்குறவங்களுக்கு என் அபிப்பிராயம், பிரஷ்ஷால பூசுற பிரைமர்தான் சரி. குளிருக்கு பருத்திக் கிளவ்ஸ் போட்டுட்டு சுப்பர் குளூ எடுக்காதீங்க, பருத்தியில பட்டா அது நெருப்பாச் சுட்டுரும். ஈட்டிக்குப் பித்தளைக் கம்பி வெட்டும்போது நுனித் துண்டு எங்க பறக்கும்னே தெரியாது, என் கண்ணாடியில அந்தக் கீறல் இன்னும் இருக்கு, எடது கண்ணுக்கு நேரா.

தம்பி டொக்டர்கிட்ட போயிருக்கார். ஆனா பொம்மை செய்றேன்னு சொல்ல வெக்கப்பட்டு, சவர்க்காரம் ஒத்துக்கலன்னு சொல்லியிருக்கார், அவங்களும் அதுக்கு ஏத்த கிறீமைக் குடுத்து அனுப்பிட்டாங்க, கை கொறஞ்சுது, அடுத்த பிரிண்டோட திரும்பவும் வந்துருச்சு. திரும்பவும் போங்க, இந்த முறை ரெசின் போத்தலோட லேபிளைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க, கண்டிப் படையோட போட்டோவையும் காட்டுங்கன்னு சொன்னேன். போன திங்கக்கிழமை போயிருக்கார். டொக்டர் லேபிளைப் பாத்துட்டு தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் குடுத்திருக்கார், எது ஒத்துக்கலன்னு தோல்ல ஒட்டிப் பாக்குற பேட்ச் டெஸ்ட் செய்யணுமாம். அது வரைக்கும் பிரிண்டரை மூடி வச்சிட்டு, பிளாஸ்டிக் உருவங்களைத் தண்ணியில நனைச்சுத் தேய்ச்சிட்டு இருக்கார்.