நூலகக் கணினியில் உட்காரும் முன்: அந்த ‘ஒப்புக்கொள்கிறேன்’ பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஐந்து பக்கப் படிவத்தில் நாலரைப் பக்கம் முடிந்துவிட்டது. திரையின் மூலையில் ‘இன்னும் 5 நிமிடம்’ என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. அதை மூடிவிட்டுத் தொடர்கிறார். போட்டோ ஏற்றும் இடத்தில் ‘அளவு பெரிதாக இருக்கிறது’ என்கிறது தளம். அதைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே திரை கருத்து, ‘அட்டை எண்ணை இடுக’ என்று முதல் பக்கத்துக்கே போய் நிற்கிறது. அடித்ததெல்லாம் போயிற்று.

கவுண்டரில் போய்ச் சண்டை போட்டாலும் அது திரும்பி வராது. நேரம் முடிந்தால் கணினி தானே பூட்டிக்கொள்ளும் என்ற விதி, அவர் உட்கார்ந்தவுடன் படிக்காமலேயே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய பெட்டியில் இருந்தது. நாம் யாருமே படிப்பதில்லை என்பது வேறு விஷயம். நூலகத்துக்கு நூலகம் விவரம் மாறும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

யார் பயன்படுத்தலாம்?

பொது நூலகம் என்றால் பொதுவாக எல்லோரும்தான். உறுப்பினர் அட்டை இருந்தால் அதன் எண்ணும் பின் நம்பரும் போதும். அட்டை இல்லாதவர்களுக்குப் பல இடங்களில் ‘விருந்தினர் சீட்டு’ தருவார்கள்; அன்று ஒரு நாளைக்கு மட்டும் செல்லுபடியாகும் எண் அது. சில இடங்களில் அடையாள அட்டை கேட்பார்கள். அது நூலகத்தின் விருப்பமாக இருக்கலாம், அந்த நாட்டின் சட்டமாகவும் இருக்கலாம். இத்தாலியில் 2005-இல் வந்த பயங்கரவாதத் தடுப்பு ஆணை ஒன்று, பொது இடத்தில் இணையம் பயன்படுத்துகிறவரின் அடையாளத்தைப் பதிய வேண்டும் என்றது. அந்தக் கட்டாயம் 2010 முடிவில்தான் விலகியது. ஆகவே அடையாளம் கேட்கும் ஊழியரிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. ‘இது எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்’ என்று கேட்பது மட்டும் உங்கள் உரிமை.

கட்டணம்? யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பொது நூலக அறிக்கை, 1994 பதிப்பிலும் சரி, 2022 பதிப்பிலும் சரி, பொது நூலகச் சேவை கொள்கையளவில் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. இது சட்டம் இல்லை, வழிகாட்டுதல். அதனால்தான் பல இடங்களில் உட்கார்ந்து பார்ப்பது இலவசம், பிரின்ட் எடுத்தால் காசு என்ற ஏற்பாடு.

நேரம், முன்பதிவு

ஒரு அமர்வு அரை மணி, ஒரு மணி என்று இருக்கும்; ஒரு நாளைக்கு மொத்தம் இவ்வளவு என்ற உச்ச வரம்பும் இருக்கும். முன்பதிவு செய்துவிட்டுத் தாமதமாக வந்தால் சில நிமிடங்களில் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்பவர் யாரும் இல்லையென்றால் நீட்டித்துத் தருவார்கள், ஆனால் அதைக் கேட்க வேண்டிய நேரம் ‘5 நிமிடம்’ பெட்டி வரும்போது அல்ல, அதற்கு முன்பே. பெரிய படிவம் நிரப்பப் போகிறீர்கள் என்றால் உட்காரும்போதே கவுண்டரில் சொல்லிவிடுங்கள். தேர்வு எழுதவோ நேர்காணலுக்கோ நீண்ட நேர இருக்கை தனியாக ஒதுக்கும் நூலகங்களும் உண்டு, கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று: நூலகம் மூடும் நேரமும் கணினி அணையும் நேரமும் ஒன்றல்ல. கடைசிக் கால் மணி நேரத்தை நம்பி எதையும் தொடங்காதீர்கள். கணினிகளை அணைத்து, பிரின்டர் கணக்கை முடித்து, பிறகுதான் ஊழியர்கள் கதவைப் பூட்ட முடியும்.

எது அழியும், எது அழியாது?

என்னைக் கேட்டால் மொத்த விதிகளிலும் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். பல நூலகக் கணினிகளில், மறுதொடக்கம் செய்தவுடன் ஹார்ட் டிஸ்க்கைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருள் இருக்கும். காலையில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். நீங்கள் டெஸ்க்டாப்பில் சேமித்த கோப்பு, டவுன்லோட் செய்த ரசீது, மாற்றிவைத்த விசைப்பலகை, எழுத்தின் அளவு எல்லாம் போய்விடும். ‘நேற்று இதே கணினியில்தானே வைத்தேன்’ என்று வருகிறவர்களைக் கவுண்டர் ஊழியர்கள் வாரம் தவறாமல் பார்ப்பார்கள். மீட்டுத்தரச் சொல்லிக் கெஞ்சினாலும் அவர்களால் முடியாது.

ஆகவே நீளமான பதிலை நேராகப் படிவத்துக்குள் அடிக்காதீர்கள். மின்னஞ்சலில் ஒரு வரைவைத் திறந்து, அதில் அடித்து, பிறகு நகலெடுத்து ஒட்டுங்கள். வரைவு உங்கள் கணக்கில் தங்கும். முடிந்த கோப்பை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். பென் டிரைவை அனுமதிக்காத நூலகங்களும் உண்டு. வெளியே கடை கடையாகச் செருகிய டிரைவ் எதை ஏந்தி வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. வைரஸ் எந்த வழியாக வந்தாலும் ஒரு நூலக வலையமைப்பை எவ்வளவு தூரம் முடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொது நூலகம் உதாரணம். 2017 ஜனவரியில் அங்கே 16 கிளைகளிலும் சுமார் 700 கணினிகள் முடங்கின. தாக்கியவர்கள் பிட்காயினில் பணம் கேட்டார்கள். நூலகம் கொடுக்க மறுத்துவிட்டு, காப்புப் பிரதிகளின் உதவியோடு மீண்டு வந்தது.

சரி, மறுதொடக்கத்தில் எல்லாம் அழிகிறதே, நாம் லாக் அவுட் செய்யாவிட்டால் என்ன? அழிவது மறுதொடக்கம் ஆனால்தான். நீங்கள் எழுந்துபோன நொடிக்கும் கணினி பூட்டிக்கொள்ளும் நொடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. ஒருமுறை நான் போய் உட்கார்ந்தபோது திரையில் யாரோ ஒருவரின் மின்னஞ்சல் பெட்டி திறந்தே கிடந்தது. மேலே மருத்துவப் பரிசோதனை முடிவு வந்த அஞ்சல், கீழே வங்கியிலிருந்து ஒன்று. இன்னும் பதினெட்டு நிமிடம் மிச்சம் என்று கடிகாரம் காட்டியது. படிக்காமல் வெளியேற்றிவிட்டு ஊழியரிடம் சொன்னேன். அந்த நாற்காலியில் எனக்குப் பதில் யார் உட்கார்ந்திருந்தாலும் பதினெட்டு நிமிடம் அவர் கையில்தான்.

எழும்போது மூன்று வேலை. முதலில், திறந்த ஒவ்வொரு தளத்திலும் லாக் அவுட். பிரவுசரை மூடுவது மட்டும் போதாது. அப்புறம் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று கேட்டபோது தப்பித்தவறி ‘சரி’ அழுத்தியிருந்தால் அதை நீக்குவது. கடைசியாக, நூலகத்தின் ‘அமர்வை முடி’ பொத்தான். மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? பெரிய மின்னஞ்சல் சேவைகளின் பாதுகாப்பு அமைப்பில், உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று பார்த்து, தூரத்திலிருந்தே வெளியேற்ற வழி உண்டு. செல்போனிலேயே செய்துவிடலாம்.

வங்கி வேலையை நூலகக் கணினியில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முகவரி ‘https’ என்று தொடங்குகிற தளத்தில் (சில பிரவுசர்களில் பூட்டுக் குறியும் தெரியும்) வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதுதான். ஆனால் விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே யாராவது ஒரு திருட்டுக் கருவியைச் செருகியிருந்தால் அந்தப் பூட்டு உதவாது, நீங்கள் அடிக்கும் எழுத்தை அது அப்படியே பதிந்துகொள்ளும். பின்னால் நிற்பவரின் கண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரவுசரின் ‘மறைநிலை’ (இன்காக்னிட்டோ) ஜன்னலும் இதற்குத் தீர்வில்லை. பார்த்த தளங்களின் பட்டியலை அந்தக் கணினியில் தங்காமல் செய்யும், அவ்வளவே. நூலக வலையமைப்புக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அப்போதும் தெரியும். உங்கள் சொந்தக் கருவியில் நூலக வைஃபையைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான், அதற்கும் இதே விதிகள்தான்.

பிரின்டும் ஸ்கேனும்

இணையப் பக்கத்தை நேராக பிரின்ட் கொடுத்தால் ஒரு பக்கம் என்று நினைத்தது பதினான்கு பக்கமாக வரும், பாதி விளம்பரம். முன்னோட்டம் பார்த்து, வேண்டிய பக்க எண்ணை மட்டும் கொடுங்கள். வந்துவிட்ட தாளுக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பது அநேகமாக எல்லா இடத்திலும் விதி. ஸ்கேனர், ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனால் ஒன்று: மூடியைத் தூக்கி இன்னொரு தடவை பாருங்கள். நகலைப் பத்திரமாக உறையில் போட்டுக்கொண்டு, அசலைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

தடுக்கப்பட்ட தளங்கள்

பல நூலகங்களில் வடிகட்டி, அதாவது சில தளங்களைத் திறக்கவிடாமல் தடுக்கும் மென்பொருள், இருக்கும். அமெரிக்காவில் 2000-இல் வந்த குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இணைய வசதிக்காகக் குறிப்பிட்ட மத்திய அரசு உதவிகளைப் பெறும் நூலகங்கள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் போட்டாக வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கம் வழக்குப் போட்டது. 2003-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வயது வந்தவர் கேட்டால் ஊழியர் தடையை நீக்கித்தர முடியும் என்பது அந்தத் தீர்ப்பில் முக்கியமான ஒரு காரணம்.

வடிகட்டிக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. மார்பகப் புற்றுநோய் பற்றிப் படிக்கப் போனவரையும் அது மறிக்கலாம். அப்படி ஆனால் வெட்கப்பட்டு எழுந்துபோக வேண்டாம். தளத்தின் முகவரியைக் குறித்து ஊழியரிடம் கொடுத்தால் போதும், எதற்கு என்று காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. அரசியல், மதக் காரணங்களுக்காக இணையத்தை மறிக்கக் கூடாது என்பது நூலகக் கூட்டமைப்பின் 2002 இணைய அறிக்கையின் நிலைப்பாடு. நடைமுறையில் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை என்பதும் நமக்குத் தெரிந்ததே.

செய்யக் கூடாதவை

மென்பொருள் நிறுவக் கூடாது, கேபிளைப் பிடுங்கக் கூடாது, அடுத்தவர் அட்டை எண்ணில் நுழையக் கூடாது, சத்தம் வந்தால் ஹெட்போன். இவையெல்லாம் சொல்லாமலே தெரியும். அதிகம் பேர் தெரியாமல் மாட்டுவது டாரன்டில், அதாவது பலரின் கணினிகளுக்கு நடுவே நேராகக் கோப்புகளைப் பகிரும் மென்பொருளில். நீங்கள் படம் இறக்கிக்கொண்டிருக்கும்போதே அந்த மென்பொருள் அதை மற்றவர்களுக்கு ஏற்றியும் கொண்டிருக்கும். பதிப்புரிமைக்காரரின் புகார் உங்கள் பெயருக்கு வராது, நூலகத்தின் இணைய முகவரிக்கு வரும்; அங்கிருந்து அட்டை எண்ணைத் தேடிக்கொண்டு உங்களிடம் வரலாம். சிறுவர்களுக்குப் பல இடங்களில் தனிக் கணினி, பெற்றோர் கையெழுத்து, கூடவே ஒரு பெரியவர் என்ற நிபந்தனைகள் இருக்கும். பிள்ளை என்ன பார்க்கிறது என்பதைக் கவனிக்கும் பொறுப்பு பெற்றோருடையதுதான் என்று விதியிலேயே எழுதியிருப்பார்கள்.

ஊழியர் எதுவரை உதவுவார்?

பிரின்ட் எப்படி, கோப்பை எப்படி இணைப்பது, தேடுவது எப்படி என்று காட்டித்தருவார். உங்கள் பாஸ்வேர்டை அடிக்க மாட்டார், ஓ.டி.பி.யைப் படித்துச் சொன்னாலும் வாங்க மாட்டார், வரிப் படிவத்திலோ நீதிமன்ற மனுவிலோ எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று சொல்ல மாட்டார். இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நாளைக்கு அந்தக் கணக்கில் பணம் காணாமல் போனாலோ மனு தள்ளுபடியானாலோ முதல் கேள்வி அவரிடம்தான் வரும், அதனால்தான் இந்தக் கோடு. பார்வைக் குறைபாடு, கைநடுக்கம் போன்றவை இருந்தால் மட்டும் தயங்காமல் முன்பே சொல்லுங்கள். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள், பெரிய எழுத்து விசைப்பலகை, கூடுதல் நேரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பல நூலகங்களில் இருக்கும், அறிவிப்புப் பலகையில்தான் இருக்காது.

விதி மீறினால்

முதலில் எச்சரிக்கை, பிறகு அன்றைக்கு வெளியேற்றம், அதற்கு மேல் சில வாரமோ மாதமோ தடை. சேதப்படுத்தினால் ஈடு கட்ட வேண்டும். சட்டவிரோதமானது என்றால் நேராகக் காவல்துறைக்குப் போகும். தடை போட்டால் எந்த விதியின் கீழ், எத்தனை நாள், யாரிடம் மேல்முறையீடு என்று எழுத்தில் கேளுங்கள். கணினித் தடை என்பது புத்தகம் எடுப்பதற்கும் சேர்த்தா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் இரண்டும் தனித்தனி.